பேர் சொல்லிக் கூப்பிட்ட அருவி

கிட்ட வாருங்கள் மக்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. கையிலிருக்கும் ஃபோனை மடியில் கவிழ்த்துப் போடுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. குற்றாலத்தில் ஃபோனைப் பிடிக்கவே தெரியாத ஒருத்தி, நன்றாகப் படித்த ஒரு பெண் செய்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்த கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது உங்கள் காதுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கும். இல்லாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

பேராச்சிக்கு நாற்பத்தாறு வயது. பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவள் வேலை. ஆண்களுக்குத் தேய்க்கிறவர்கள் அருவிக்கரையில் வெட்டவெளியில் ஆளை உட்கார வைத்து முதுகில் தட்டிக்கொண்டிருப்பார்கள். பெண்களை அப்படி உட்கார வைக்க முடியுமா? கதவு வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். பேரருவிக்குப் போகிற வழியில் தில்லைநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜ் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்து ஓர அறை பதினோரு சீசனாகப் பேராச்சியின் கையில் இருந்தது. எட்டுக்கு எட்டு அறை. சுவரில் எண்ணெய்க் கறை. ஆனால் உள்ளே போன பெண்கள் வெளியே வரும்போது பத்து வயது இறங்கி வருவார்கள்.

இந்த வருடம் அந்த அறைக்கு ஆபத்து வந்தது. வந்தது தண்ணீரால் இல்லை, ஒரு வீடியோவால்.

ஆனி மாதக் கடைசியில் மலையில் பெருமழை. பேரருவியில் குளிக்கிறவர்களின் பாதுகாப்புக்காகக் கட்டிய ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். யாரோ அதை ஃபோனில் எடுத்து, 'குற்றாலத்துக்கு யாரும் போகாதீங்க' என்று குரலும் கொடுத்து அனுப்பிவிட்டான். இரண்டே நாளில் தடையை எடுத்தாகிவிட்டது. தண்ணீர் அளவாக, அழகாக, சாரலோடு விழ ஆரம்பித்தது. ஆனால் வீடியோ நிற்கவில்லை. சங்கரன்கோவில், ராஜபாளையம், தூத்துக்குடி என்று சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாக ஃபோன் வாங்கினவர்களுக்கு அது எந்தக் கிழமை எடுத்தது என்று எப்படித் தெரியும்? இன்றைக்குக் காலையில் கைக்கு வந்தால் இன்றைக்குக் காலையில் நடந்தது என்றுதான் நினைப்பார்கள். அனுப்புகிறவர்களும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள்.

அருவி விழுகிறது, ஆள் இல்லை. பேராச்சி அறை வாசலுக்கும் அருவிக்கரைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் ஏதோ கடிப்பது போல எழுந்துவிடுவாள். தில்லைநாயகம் அண்ணாச்சி லாட்ஜ் வரவேற்பு மேஜையில் இருந்தபடி அவள் போவதையும் வருவதையும் பார்த்தார்.

"ஏ பேராச்சி, நீ நடக்குத நடையில தரை தேயுது. இங்கன வா."

"என்ன அண்ணாச்சி?"

"செல்லச்சாமி அந்த ரூமைக் கேக்கான். நேந்திரம் சிப்ஸும் அல்வாவும் போடப்போறானாம். ரோட்டுக்குப் பக்கம்லா, அவனுக்குத் தோது."

பேராச்சி மேஜையை நெருங்கி வந்தாள். "நீங்க என்ன சொன்னிய?"

"ஆடி அமாவாசை வரைக்கும் பாப்பேன்னு சொல்லிருக்கேன். அன்னைக்கும் ரூம் காலியாக் கெடந்தா நான் என்ன செய்ய? நீயே சொல்லு."

ஆடி அமாவாசைக்குப் பதினாறு நாள் இருந்தது.

அண்ணாச்சியின் மகள் வித்யாலட்சுமி. தென்காசியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அப்பாவின் லாட்ஜுக்கு ஆள் வரவேண்டும் என்று, வேலை போக மிஞ்சிய நேரத்தில் மூன்று மாதமாக இணையத்தில் ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தாள். 'அருவி நிலவரம்' என்று பெயர். குற்றாலத்து அருவிகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று வரைபடம். மலையில் எவ்வளவு மழை என்று கோடு கோடாக ஒரு படம். எந்த அருவியில் எவ்வளவு கூட்டம் என்று வண்ணம். மறுநாளே அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தன் பழைய ஃபோன் ஒன்றைப் பேராச்சியின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நீங்கதான் தெனமும் அருவிக்கரைக்குப் போறீங்க. குளிக்கலாம்னா பச்சையைத் தொடுங்க. தடைன்னா செவப்பு. வேற ஏதும் சொல்லணும்னா இந்த மைக்கைத் தொட்டுப் பேசுங்க. திரும்பத் தொட்டா நின்னுரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்மா? பொறவு எனக்கு ஏன் இப்படி வேர்க்கு?"

"பழகினா சரியாயிரும் அக்கா. இந்த லிங்கை உங்க கஸ்டமருக்கெல்லாம் அனுப்பிவிடுங்க. தொட்டா நேரா நம்ம பக்கத்துக்கு வந்துருவாங்க."

பேராச்சி அனுப்பினாள். வித்யாவும் அனுப்பினாள். மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேல் பேர் அந்த லிங்கைத் தொட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். மீதிப் பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். வித்யாவுக்கு ஏன் என்று புரியவில்லை. திரையை இழுத்து இழுத்து எண்ணைப் பார்த்தாள். பத்தொன்பது பத்தொன்பதாகவே இருந்தது.

நாலாம் நாள் திருவேங்கடத்திலிருந்து மாடத்தி கூப்பிட்டாள். ஒவ்வொரு வருடமும் ஆடி அமாவாசைக்கு வேன் பிடித்து, தெருப்பெண்கள் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் மாடத்தி. கரிசல் காட்டில் வெயிலோடு வெயிலாகக் களையெடுக்கிற பெண்கள். வருடத்துக்கு ஒரு நாள் பேராச்சியின் அறையில் வரிசையாக எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, புளியோதரை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"ஏட்டி பேராச்சி, நீ அனுப்புன லிங்கு வந்துச்சு. தொட்டேன். நம்பரைக் கேட்டுச்சு, போட்டேன். ஆறு நம்பர் வரும், அதையும் போடுன்னு சொல்லிட்டுச் சும்மா கெடக்கு. ஒண்ணையும் காணோம்."

"எந்த நம்பரைப் போட்டிய அக்கா?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரு நம்பர்தான. எம்மவன் நம்பர்."

"ஒங்க நம்பரைல்லா போடணும்?"

"என் நம்பரு எனக்கு எப்படிட்டி தெரியும்? எனக்கு நானே ஃபோன் போட்டா பேசுதேன்?"

மாடத்தியின் மகன் இசக்கிப்பாண்டி ராணுவத்தில் இருக்கிறான். அந்த ஆறு எண்ணும் வடக்கே பனிமலையில் காவலுக்கு நிற்கிற அவன் ஃபோனுக்குப் போயிருக்கிறது. அவன் அங்கிருந்து அலறியடித்துக் கூப்பிட்டு, 'அம்மா, எவனோ ஒன்னை ஏமாத்தப் பாக்கான், ஃபோனைக் கீழ வையி' என்று ஏசியிருக்கிறான்.

பேராச்சி இதைச் சொன்னபோது வித்யா முதலில் சிரித்தாள். பிறகு பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, கொண்டு வந்திருந்த கணினியைத் திறந்து வாசலோடு திரும்பினவர்களின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதிக்குப் பாதி அப்படித்தான். ஒரே எண்ணை நாலு பேர் நாலு ஊரிலிருந்து போட்டிருந்தார்கள். பெங்களூரில் இருக்கிற மகளின் எண், போலீஸ் வேலையில் இருக்கிற தம்பியின் எண், துபாய் எண். தங்களுக்கு வேண்டியவர்களின் எண்தான் அவர்களுக்கு மனப்பாடம். தன் எண்ணை மனப்பாடம் செய்ய யாருக்குத் தோன்றும்?

"இந்தக் கேள்வியே வேண்டாம்" என்று வித்யா தனக்குள் சொல்லிக்கொண்டு அந்த வாசலை எடுத்துவிட்டாள். தொட்டால் நேராக உள்ளே.

ஆட்கள் உள்ளே வந்தார்கள். வந்து, வரைபடத்தைப் பார்த்து முழித்துவிட்டுப் போனார்கள். பேராச்சியிடமே ஃபோன் போட்டுக் கேட்டார்கள். "படம் எல்லாம் நல்லா இருக்குத் தாயி. தண்ணி விழுதா, அதைச் சொல்லு."

ஒன்பது நாள்தான் இருந்தது. செல்லச்சாமி ஒரு நாள் சாயங்காலம் வந்து, அறையை வெளியே நின்று எட்டிப் பார்த்தான். "அடுப்பு இந்த மூலையில வைக்கலாம், என்ன அண்ணாச்சி?" என்றான். பேராச்சி உள்ளே காய்ச்சிய எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்ததில் எண்ணெய் பாதி தரையில் போனது.

மறுநாள் காலை. மூன்றே மூன்று பெண்கள், கேரளாப் பக்கமிருந்து வந்தவர்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டார்கள். பேராச்சியும் கூடப் போனாள். பச்சையைத் தொட்டாள். 'தண்ணி நல்லா விழுது' என்று ஒரு வார்த்தை சொல்லலாமே என்று மைக்கைத் தொட்டாள். அதற்குள் ஒருத்தி வழுக்கப் பார்த்தாள். பேராச்சி ஃபோனைப் பாலித்தீன் பையோடு இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். மைக் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் வித்யா கூப்பிட்டாள். "அக்கா! மைக்கை நிறுத்தவே இல்லையா நீங்க? நாலு நிமிஷம் ஓடியிருக்கு. வெறும் இரைச்சல். எல்லாருக்கும் கேக்கும்படியா மேல வந்து நிக்குது."

"ஐயோ, சவத்தை நான் எங்கன கண்டேன்! அழிச்சிருங்கம்மா, அழிச்சிருங்க."

அழிக்கத்தான் போனாள் வித்யா. அழிக்கிற இடத்தில் விரலை வைத்தவள், பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அந்த இரைச்சலை அறுநூறு பேர் கேட்டிருந்தார்கள். காலையிலிருந்து மத்தியானத்துக்குள். பலர் இரண்டு தடவை.

அவளும் கேட்டாள். பாறையில் தண்ணீர் மோதுகிற முழக்கம். பெண்கள் கீச்சிடுகிற சத்தம். தூரத்தில் யாரோ குலவை போடுகிறார்கள். நடுவில் பேராச்சி கத்துகிறாள்: 'அக்கா, தலையைக் குனிஞ்சு நில்லுங்க, அடி பலமா இருக்கு!' தென்காசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த வித்யாவுக்கு முதுகு சில்லிட்டது.

சாயங்காலம் மாடத்தி கூப்பிட்டாள். "கேட்டேன்ட்டி. டீக்கடை எதுத்தாப்புல பத்துப் பேரு சுத்தி நின்னு கேட்டோம். ஒருத்தி அங்கனயே குலவை போட்டுட்டா. ஆனா ஒரு சங்கதி இருக்கு."

"என்னக்கா?"

"இது போன வருசச் சத்தம், எவளோ எடுத்து விட்டுருக்கான்னு இவளுவ சொல்லுதாளுவ. வீடியோ பழசு வரும்போது சத்தம் பழசு வராதாங்காளுவ. நான் நம்புதேன். இவளுவ நம்பணும்லா?"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? அருவியைத் தூக்கிட்டா வர முடியும்?"

"நாளைக்கு அருவிக்கு முன்னால நின்னு எங்க பேரைச் சொல்லிக் கூப்பிடு. ஒவ்வொருத்தி பேரையும். போன வருசத்துல எவளும் எங்க பேரைக் கூப்பிட்டு வச்சிருக்க முடியாதுல்லா?"

பேராச்சி அப்படியே செய்தாள். காலை ஆறு மணிக்குப் பேரருவிக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மைக்கைத் தொட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள். "திருவேங்கடம் மாடத்தி அக்கோவ்! ஆனந்தவள்ளி மயினியோவ்! தண்ணி விழுது பாருங்க, வாங்க!" பதினெட்டுப் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சற்று நிறுத்தி, அருவியின் முழக்கத்தைக் கேட்க விட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் 'இந்தம்மாவுக்கு என்னாச்சு?' என்று பார்த்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பக்கத்தில் வந்து, "யாரும் தொலைஞ்சு போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

மக்களே, அதற்கப்புறம் நடந்ததை வித்யா இன்றைக்கும் கைவிரலை விரித்து விரித்துச் சொல்வாள். அந்தப் பதினெட்டுப் பெயரையும் கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆசை வந்துவிட்டது. 'எங்க பேரையும் கூப்பிடச் சொல்லுங்க.' அந்த இணையப் பக்கத்தின் கீழே ஒரு ஓரத்தில், சந்தேகம் கேட்பதற்கென்று வித்யா ஒரு மைக் வைத்திருந்தாள். அதுவரைக்கும் ஈ காக்கை சீண்டாத இடம். இப்போது அதில் பெயர்கள் வந்து விழுந்தன. எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் ஃபோனில் எழுத வராதவர்கள், கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாதவர்கள். எல்லாருக்கும் பேச வருமே! 'நான் கோவில்பட்டி ஜெபமலர். எம்மவ அபி பேரையும் சேத்துக் கூப்பிடணும்.' 'நான் கடையநல்லூர் ஜாஹிரா பீவி. எம்பேரைச் சத்தமாக் கூப்பிடும்மா, எம்மாமியாருக்குக் காது கேக்காது.'

பனிமலையிலிருந்து இசக்கிப்பாண்டியும் பேசியிருந்தான். "அக்கா, நான்தான் அன்னைக்கு ஏசுனவன். என் பேரையும் ஒருக்காக் கூப்பிடுங்க. இங்க ஒரே பனி. அருவிச் சத்தத்தைக் கேட்டா நல்லாருக்கும்."

அன்று லாட்ஜ் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வித்யா தன் இணையப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். வரைபடத்தை யாரும் தொடவில்லை. மழைக் கோட்டை யாரும் தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்க அவளுக்கு அழுகை வந்தது.

"மூணு மாசம்ப்பா. ராத்தூக்கம் இல்லாமச் செஞ்சது. ஒருத்தரும் பாக்கல."

தில்லைநாயகம் அண்ணாச்சி ஃபோன் பக்கமே போகாதவர். லாட்ஜில் இன்னும் கம்பி போட்ட பழைய தொலைபேசிதான். "அப்ப எதுக்கு அழுத? வேண்டாம்னா வேண்டாம். மேஜையில தேவையில்லாததை எடுத்துட்டா மேஜை போயிருமா?" என்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு அவ்வளவுதான் வரும்.

கடைசியில் மிஞ்சியது இரண்டே வட்டம். ஒன்றைத் தொட்டால் இன்றைய அருவி கேட்கும். இன்னொன்றைத் தொட்டால் உங்கள் பெயரைச் சொல்லலாம். அதைத்தான் ஊர் ஊராகத் தொட்டார்கள். பேராச்சி வாயில் பனங்கற்கண்டை அடக்கிக்கொண்டு, ஒரு காதில் ஃபோனோடு சேர்ந்த கேட்புக் கருவியைச் செருகிக்கொண்டு தினமும் தண்ணீரில் நின்றாள். காதில் ஒரு பெயர் வரும், அருவியைப் பார்த்து அதைக் கத்துவாள். பெயர்கள் பெருகிப் பேராச்சிக்குத் தொண்டை கட்டிப்போகவே, ஒரு நாளைக்கு இன்னின்ன ஊர் என்று வித்யா பிரித்துக் கொடுத்தாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓர அறைக் கதவு சாத்துவதும் திறப்பதுமாக இருந்தது. இருந்தாலும் அண்ணாச்சி பிடி கொடுக்கவில்லை. "நான் சொன்னது அமாவாசை. அன்னைக்குப் பாப்போம்."

அமாவாசையன்று இருபத்திரண்டு வேன்கள் வருவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். மாடத்தியின் வேன் விடிகாலை ஐந்து மணிக்குத் திருவேங்கடத்தில் புறப்படும். பேராச்சி இரவெல்லாம் புரண்டுவிட்டு, நாலரை மணிக்கெல்லாம் அருவிக்கரைக்குப் போய்விட்டாள். அண்ணாச்சியும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது. ஆர்ச்சுக்கு உள்ளேதான். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பேராச்சி மைக்கைத் தொடப் போனாள். விரல் நின்றுவிட்டது.

"என்னட்டி, கூப்பிடு. வேன் கெளம்புத நேரமாச்சு."

"அண்ணாச்சி, சத்தத்தைக் கேளுங்க."

"தெனம் கேக்குத சத்தம்தான."

"இல்ல. உள்ளுக்குள்ள கல்லு உருளுது. காத்துல மண்ணு வாடை வருது பாருங்க."

ஒரு வாரமாக விடியும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நின்று பெயர் சொன்னவள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் அருவியை மட்டுமே கேட்டுக்கொண்டு நின்றவள். அவளுக்கு அது வேறாகக் கேட்டது. ஒரு பச்சைக் கிளை, இலையோடு, முறிந்து வந்து அவள் காலில் மோதியது.

அண்ணாச்சிக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்: "போலீஸ்காரனே இன்னும் விசில் ஊதல. நீ என்ன கலெக்டரா? வாரவங்க வரட்டும். வந்து ரூம்ல இருந்துட்டு, தண்ணி வடிஞ்சதும் குளிச்சுட்டுப் போறாங்க. ஒன் ரூமும் நெறயும். நீ யோசிச்சுக்கோ."

பேராச்சி யோசித்தாள். மக்களே, அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேன் வந்துவிட்டால் பதினெட்டுப் பெண்களும் அறைக்குத்தான் வருவார்கள். ஆனால் அவர்கள் வந்த வேகத்தில், தடை போடுவதற்குள் ஒரு முழுக்குப் போட்டுவிடுவோம் என்று நேராகத் தண்ணீருக்கு ஓடுகிறவர்கள். மாடத்தி முதல் ஆளாக ஓடுவாள். போன வருடமும் ஓடினாள்.

குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏறுங்க, மேல ஏறுங்க!" என்று கத்தினாள். போலீஸ்காரரை நோக்கிக் கையை வீசினாள். பிறகு மைக்கைத் தொட்டாள்.

"திருவேங்கடம் மாடத்தி அக்கோவ்! வராதீங்க! கோவில்பட்டிக்காரங்களா, வராதீங்க! தண்ணி பெருசா வருது, கேளுங்க, இதைக் கேளுங்க!" என்று ஃபோனை அருவிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

இருபது நிமிடத்தில் அருவி செம்மண் நிறத்தில் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

வேன்களும் வரவில்லை. ஆடி அமாவாசையன்று அண்ணாச்சியின் லாட்ஜில் சாவிகள் எல்லாம் ஆணியில் தொங்கின. ஓர அறை காலி. செல்லச்சாமி மத்தியானம் டேப்போடு வந்து சுவரை அளந்தான். அண்ணாச்சி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராச்சி எண்ணெய்த் தூக்குவாளியையும் சீயக்காய் டப்பாவையும் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்து நின்றாள். இரண்டு பஸ் போனது. ஏறவில்லை.

வித்யாதான் ஃபோனில் பிடித்தாள். "அக்கா, எங்கயும் போயிராதீங்க. தண்ணி வடிஞ்சதும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூப்பிட்டுட்டுப் போங்க. கேட்டவங்க எல்லாம் 'நாளைக்கு எப்படி, நாளைக்கு எப்படி'ன்னு பேசி வச்சிருக்காங்க. ஒருத்தர் கூட ஏசல."

மூன்றாம் நாள் விடியலில் தண்ணீர் தெளிந்தது. பேராச்சி கடைசித் தடவையாக என்று நினைத்துக்கொண்டு அருவிக்கு முன்னால் நின்றாள். காதில் கருவியைச் செருகினாள். பெயர்கள் வந்தன. மாடத்தி: "ஏட்டி, அன்னைக்கு வேன்ல ஏறி உக்காந்துட்டோம். ஒன் சத்தத்தைக் கேட்டுத்தான் எறங்குனோம். நீ இன்னைக்கு வான்னு சொன்னா இன்னைக்கே வாரோம்." இசக்கிப்பாண்டி: "அக்கா, எங்கம்மையை எறக்கி விட்டுட்டிய. வேற என்ன சொல்ல." பேராச்சி ஒவ்வொரு பெயராகக் கத்திக்கொண்டே போனாள். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

கடைசியில் ஒரு கரகரப்புக் குரல் வந்தது. "ஆங்… இதைத் தொட்டா போதுமா வித்யா? பேசவா? நான் தில்லைநாயகம். குத்தாலம். ம்… சரி, என் பேரையும் ஒருக்காக் கூப்பிடட்டும்னு… அவ்வளவுதான். வச்சுட்டேன்."

ஆனால் வைக்கவில்லை. ஒரு தரம் தொட்டால் ஓடும், மறுதரம் தொட்டால்தான் நிற்கும் என்பது அண்ணாச்சிக்கு எங்கே தெரியும்! நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ வந்து நிற்கிறார்கள். பிறகு அதே அண்ணாச்சியின் குரல், தூரத்திலிருந்து:

"வாரும் செல்லச்சாமி. ஒமக்கு அந்த ரூம் கெடையாதுவே. வேற எடம் பாரும்."

"என்ன அண்ணாச்சி, அமாவாசைன்னு சொன்னிய, காலியாத்தான கெடந்துச்சு!"

"கெடந்துச்சு. இல்லங்கல. காலையில இருந்து பதினேழு ஃபோன்வே எனக்கு. ரூம் வாடகை என்னன்னு ஒருத்தனும் கேக்கல. 'பேராச்சி இருக்குத லாட்ஜுதான'ன்னு கேக்குதாவ. வராதன்னு சொன்னவ இருக்குத எடத்துக்குத்தான் வருவோம்ங்குதாவ. நான் அவளை அனுப்பிட்டு ஒம்ம சிப்ஸை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" சற்று நிறுத்தி, "இதை அவகிட்ட சொல்லிராதியும். தலைக்கு மேல ஏறிக்கிடுவா."

அதற்குப் பிறகு மூன்று நிமிடம் மின்விசிறிச் சத்தமும், அண்ணாச்சி வெற்றிலை மெல்லுகிற சத்தமும்.

பேராச்சி தண்ணீரில் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். சாரலில் அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது! பிறகு அந்த மலைக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்: "குத்தாலம் தில்லைநாயகம் அண்ணாச்சியோவ்! தண்ணி தெளிஞ்சிருச்சு! எல்லாரையும் வரச்சொல்லுங்க!"

அன்று மத்தியானம் திருவேங்கடத்து வேன் வந்து நின்றது. மாடத்தி முதல் ஆளாகக் குதித்து இறங்கி, தண்ணீருக்கு ஓடாமல், ஓர அறைக் கதவைத் தட்டினாள். வாசலில் கிடந்த சாக்கை இன்னும் யாரும் அவிழ்த்திருக்கவில்லை. "ஏட்டி, எண்ணெயைச் சாக்குல கட்டி வச்சுட்டு எங்கன போகப் பாத்த?" என்று சாக்கை அவிழ்த்து, தூக்கை அவளே வெளியே எடுத்து வைத்தாள்.

அவ்வளவுதான் மக்களே. கவிழ்த்துப் போட்ட ஃபோனை இனி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அதைத் தப்பும் தவறுமாகத் தொடுகிறவர்கள் யாராவது இருந்தால் ஏசாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும், வேண்டியவர்களுக்கு அது தட்டினதும் திறக்கட்டும். வா என்று கூப்பிடவும், ஆபத்தென்றால் வராதே என்று கத்தவும் உங்களுக்கு ஒரு குரல் இருக்கட்டும். தூர தேசத்திலிருக்கும் உங்கள் பிள்ளைகள் சுகமாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுக் குடத்தில் என்றைக்கும் தெளிந்த தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.